வெள்ளி நானோதுகள்களின் பாக்டீரியா எதிர்ப்பும் நச்சுத்தன்மையும்: மருத்துவ வரலாற்று நோக்கில் ஓர் ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

வெள்ளி நானோதுகள்கள் இருபத்தோராம் நூற்றாண்டின் புதுமையாகவே பெரும்பாலான ஆய்வேடுகளில் அறிமுகம் பெறுகின்றன. எனினும், இன்று நானோ அளவு என வழங்கும் வெள்ளிக் கூழ்மங்கள் 1889 முதல் ஆய்வகத்திலும் 1897 முதல் மருத்துவத்திலும் இடம்பெற்று வந்துள்ளன. அவற்றின் பயனும் தீங்கும் ஒரே வேதிப்பண்பிலிருந்து தோன்றுபவை என்பதையும், வெள்ளி ஒவ்வொரு முறை புதுவடிவில் மருத்துவத்துக்குத் திரும்பியபோதும் அளவு பற்றிய பழைய வினா பின்தங்கியே வந்தது என்பதையும் இக்கட்டுரை வரலாற்றுச் சான்றுகளின் வழி நிறுவ முயல்கிறது. தமிழ்நாட்டு ஆய்வகங்களில் நிகழ்ந்த பணிகள் இவ்வரலாற்றில் பெறும் இடமும், ‘பசுமைத் தொகுப்பு’ என்னும் கலைச்சொல் தோற்றுவிக்கும் மயக்கமும் இதில் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: வெள்ளி நானோதுகள், கூழ்ம வெள்ளி, வெள்ளி அயனி, நச்சுத்தன்மை, எதிர்ப்புத்திறன், பசுமைத் தொகுப்பு, மருத்துவ வரலாறு.

முன்னுரை

விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடையில் அமைந்த முண்டியம்பாக்கத்தில் 2010-ஆம் ஆண்டு முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது. வேளாண்மையை நம்பி வாழும் ஒரு மாவட்டத்தின் மக்கள் நாடிவரும் இத்தகைய கற்பித்தல் மருத்துவமனைகளில்தான், ஆய்வகத்தில் பிறக்கும் ஒரு பொருள் மருந்தாக மாறும்போது அதன் பயனும் தீங்கும் முதலில் வெளிப்படும். தீக்காயத்திற்குப் பூசும் களிம்பு, புண்ணை மூடும் கட்டுத்துணி, வீட்டுக் குடிநீர் வடிகட்டி ஆகிய மூன்றின் வழியாகவும் வெள்ளி இன்று பொதுமக்களின் உடலைத் தொடுகிறது. எனவே, அதன் நுண்ணுயிர்க்கொல்லித் திறனை அறிவது போலவே அதன் நச்சு எல்லையை அறிவதும் மருத்துவத் துறைக்கும் ஆய்வுத் துறைக்கும் உரிய கடமையாகிறது.

ஒரு பொருளின் பாதுகாப்பை அறிய விலங்கு ஆய்வும் செல் ஆய்வும் துணைபுரியும். ஆனால், ஏறத்தாழ ஒன்றேகால் நூற்றாண்டாக மனித உடலில் பயன்பட்டு வந்த ஒரு பொருளுக்கு வரலாறே மிகப் பெரிய சான்றுத் தொகுப்பு ஆகும். வெள்ளியைப் பொறுத்தவரை அச்சான்று போதிய அளவில் எடுத்தாளப்படவில்லை என்பதே இக்கட்டுரையின் தொடக்கக் கருதுகோள்.

பழமை குறித்த கூற்றுகளும் சான்றின் வலிமையும்

வெள்ளி பற்றிய அறிவியல் கட்டுரைகள் பலவும் தொல்பழங்காலம் முதலே வெள்ளியின் கிருமிக்கொல்லிப் பண்பு அறியப்பட்டிருந்தது என்று தொடங்குவது வழக்கம். பாரசீக மன்னன் சைரசு தனக்கு உரிய ஆற்றுநீரை வெள்ளிக் கலங்களில் ஏற்றிச் சென்றதாக ஹெரோடோட்டஸ் எழுதிய செய்தி இதற்குச் சான்றாகக் காட்டப்படும். அதே செய்தியில் அந்நீர் காய்ச்சப்பட்டது என்ற குறிப்பும் உள்ளது. காய்ச்சிய நீர் கெடாமலிருந்ததற்குக் கலத்தைக் காரணமாகக் கொள்வது சான்றுக்கு அப்பாற்பட்ட முடிவாகும். அரசர்க்குரிய கலம் வெள்ளியில் அமைவது செல்வத்தின் அடையாளமாகவும் இருக்கலாம். தமிழகத்தில் குழந்தைக்குப் பால் புகட்டும் வெள்ளிச் சங்குக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

சித்த மருத்துவத்தின் நிலை இதனின்று வேறுபட்டது. அங்கு வெள்ளி ஒரு மருந்துப் பொருளாகவே கையாளப்படுகிறது. வெள்ளிப் பற்பம் செய்வதற்கு முன் உலோகத்தைச் சுத்தி செய்தல், புடமிடுதல், அரிசியெடை போன்ற சிற்றளவில் வழங்குதல், அனுபானம் சேர்த்தல், பத்தியம் விதித்தல் ஆகியன அம்மருத்துவ மரபின் கட்டாயக் கூறுகள். பற்பமும் ஆய்வகத்து நானோதுகளும் ஒன்றென்று கொள்வது பொருந்தாது. தயாரிப்பு முறையும் வேதியியல் இயல்பும் வேறானவை. ஆயினும், உலோகம் மருந்தாகும்போது அளவும் நெறியும் மருந்தின் பகுதியே என்ற அடிப்படைக் கருத்து அம்மரபில் தெளிவாக உள்ளது. பின்வரும் ஐரோப்பிய, அமெரிக்க வரலாற்றில் பலமுறை நழுவிப்போனது இக்கருத்தே.

வெள்ளி நைட்ரேட்டிலிருந்து கூழ்ம வெள்ளி வரை

நவீன மருத்துவத்தில் வெள்ளியின் மறுக்க முடியாத முதல் வெற்றி லைப்சிக் நகரில் நிகழ்ந்தது. வெட்டை நோயுள்ள தாய்மார்களுக்குப் பிறந்த குழந்தைகளின் கண்ணில் உண்டாகும் அழற்சி அக்காலத்தில் பார்வை இழப்புக்குப் பெருங்காரணமாக இருந்தது. கார்ல் கிரெடே என்னும் மகப்பேறு மருத்துவர், 1880 முதல் பிறந்த குழந்தைகளின் கண்ணில் 2 விழுக்காடு வெள்ளி நைட்ரேட் கரைசலை ஒரு துளி இட்டார். ஏறத்தாழ 10 விழுக்காடாக இருந்த நோய்நிகழ்வு 1 விழுக்காட்டிற்கும் கீழே குறைந்தது. அதே துளி பல குழந்தைகளுக்கு வேதி அழற்சியை உண்டாக்கியதால் பின்னர்க் கரைசலின் செறிவு 1 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. பயனும் தீங்கும் ஒரே துளியில் இருந்தமையையும், செறிவைச் சீராக்குவதே தீர்வாக அமைந்தமையையும் இந்நிகழ்வு காட்டுகிறது.

1889-இல் அமெரிக்க ஒளிப்பட வேதியியலாளர் கேரி லீ, சிட்ரேட்டின் துணையால் நிலைநிறுத்தப்பட்ட வெள்ளிக் கூழ்மத்தைத் தயாரித்தார். அவர் முறையில் கிடைக்கும் துகள்களின் சராசரி விட்டம் 7 முதல் 9 நானோமீட்டர் என்று பிற்கால அளவீடுகள் காட்டுகின்றன. இன்றைய ஆய்வகங்களில் தயாராகும் துகள்களும் பெரும்பாலும் இவ்வளவினவே. 1893-இல் கார்ல் நேகெலியின் ஆய்வு அவர் மறைவுக்குப் பின் வெளிவந்தது. கண்ணுக்குப் புலப்படாத மிகச் சிறிய அளவு உலோக அயனிகளே ஸ்பைரோகைரா என்னும் பாசியைக் கொல்லவல்லவை என அது காட்டியது. இப்பண்புக்கு அவர் ‘ஒலிகோடைனமிக்’ விளைவு எனப் பெயரிட்டார். ‘சிற்றளவின் ஆற்றல்’ என அதனைத் தமிழில் பொருள் கொள்ளலாம்.

1897-இல் கார்ல் கிரெடேயின் மகனும் அறுவை மருத்துவருமான பென்னோ கிரெடே, கூழ்ம வெள்ளியைக் ‘காலர்கால்’ என்னும் பெயரில் மருத்துவத்தில் அறிமுகப்படுத்தினார். 1902-இல் ஆல்பர்ட் பார்ன்ஸ், ஹெர்மன் ஹில்லே ஆகியோர் வெள்ளியைப் புரதத்துடன் இணைத்து ‘ஆர்ஜிரால்’ என்ற மருந்தை விற்பனைக்குக் கொணர்ந்தனர். அதில் ஈட்டிய செல்வத்தால் பார்ன்ஸ் உலகப் புகழ்பெற்ற ஓவியத் தொகுப்பு ஒன்றை உருவாக்கினார் என்பது அம்மருந்தின் விற்பனை வீச்சுக்குச் சான்று. ‘நானோ’ என்ற முன்னொட்டு வழக்கிற்கு வருமுன்னரே நானோ வெள்ளி மருந்துக்கடையில் இருந்தது. பெர்ன்ட் நோவாக், ஹரால்ட் க்ரூக், முர்ரே ஹைட் ஆகியோர் 2011-இல் வெளியிட்ட கட்டுரையும் நானோ வெள்ளியின் 120 ஆண்டு வரலாற்றைத் தொகுத்து இதே முடிவுக்கு வருகிறது.

நீலத்தோலும் அளவின் கணக்கும்

வெள்ளி மருந்துகளை நெடுங்காலம் உட்கொண்டோரின் தோல் சாம்பல் நீலநிறம் அடைந்தது. ‘ஆர்ஜிரியா’ எனப்படும் இந்நிலை பெரும்பாலும் உயிருக்கு ஊறு செய்வதில்லை, ஆனால் மீளாதது. 1939-இல் ஹில், பில்ஸ்பரி ஆகிய இருவரும் அதுவரை பதிவான நோயாளிகளைத் தொகுத்து ஒரு நூலே எழுதும் அளவிற்கு அது பரவியிருந்தது. 1940-களில் பெனிசிலின் பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்தபின் வெள்ளி மருந்துகள் பின்வாங்கின. எனினும், கூழ்ம வெள்ளி உணவுத் துணைப்பொருளாக மீண்டும் தலையெடுத்தது. 1999-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், மருத்துவர் சீட்டின்றி விற்கப்படும் கூழ்ம வெள்ளி மருந்துகள் பாதுகாப்பானவை என்றோ பயனுள்ளவை என்றோ ஏற்கப்படவில்லை என அறிவித்தது.

நிறமாற்றத்தின் வேதியியல் 2012-இல் பிரௌன் பல்கலைக்கழக ஆய்வாளர்களால் விளக்கம் பெற்றது. விழுங்கப்பட்ட துகள் இரைப்பை அமிலத்தில் கரைந்து அயனியாகிறது. குருதி வழியே தோலை அடைந்து, ஒளி படும் இடங்களில் மீண்டும் உலோக வெள்ளியாகப் படிகிறது. ஒளிப்படத் தகட்டில் நிகழும் மாற்றமே மனிதத் தோலிலும் நிகழ்கிறது எனலாம்.

இத்துயர அனுபவத்திலிருந்தே இன்றைய குடிநீர் வரம்பு பிறந்தது. ஒருவர் வாழ்நாள் முழுவதும் வாய்வழியாக உட்கொள்ளும் வெள்ளி ஏறத்தாழ 10 கிராமுக்குள் இருந்தால் தீய விளைவு காணப்படுவதில்லை என உலகச் சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 2012-ஆம் ஆண்டுக் குடிநீர்த் தரவரையறை ஒரு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் வெள்ளியை உச்ச வரம்பாக வைத்துள்ளது. நாள்தோறும் 2 லிட்டர் நீரை 70 ஆண்டுகள் பருகுபவர் இவ்வரம்பின்படி மொத்தம் 5.1 கிராம் வெள்ளியை உட்கொள்வார். அதாவது, தீங்கற்ற எல்லையில் ஏறத்தாழப் பாதி. இவ்வரம்பு ஆய்வக ஊகத்தினின்று பெறப்பட்டதன்று. நீலநிறம் அடைந்த மனிதரின் மருத்துவக் குறிப்புகளிலிருந்து பெறப்பட்டது.

தீக்காயப் பிரிவில் மறுவருகையும் எதிர்ப்புத்திறனும்

1965-இல் அமெரிக்க மருத்துவர் மோயரும் அவர்தம் குழுவினரும் 0.5 விழுக்காடு வெள்ளி நைட்ரேட் கரைசலால் தீக்காயங்களுக்குச் சிகிச்சை அளித்து வெள்ளியை மருத்துவமனைக்குள் மீண்டும் கொணர்ந்தனர். 1968-இல் சார்லஸ் ஃபாக்ஸ் வெள்ளியைச் சல்ஃபாடயசினுடன் இணைத்து ஒரு களிம்பை உருவாக்கினார். வெள்ளி சல்ஃபாடயசின் களிம்பு உலகெங்கும் தீக்காயச் சிகிச்சையின் அன்றாடப் பொருளாயிற்று.

மறுவருகை நிகழ்ந்து பத்தாண்டு முடிவதற்குள் எதிர்ப்புத்திறனும் தோன்றியது. பாஸ்டன் நகர மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில், வெள்ளி நைட்ரேட்டையும் குளோராம்பெனிகால், ஆம்பிசிலின் ஆகிய மருந்துகளையும் ஒருங்கே தாங்கவல்ல சால்மொனெல்லா பரவியது. இது 1975-இல் பதிவு பெற்றது. நோயாளிகள் சிலர் இறந்தனர், அப்பிரிவே மூடப்பட்டது. அந்நுண்ணுயிரியின் பிளாஸ்மிட்டில் அமைந்த வெள்ளி எதிர்ப்பு மரபணுத் தொகுதி 1999-இல் விளக்கப்பட்டது. வெள்ளி அயனியைப் பிணைப்பதும் செல்லுக்கு வெளியே தள்ளுவதும் அம்மரபணுக்களின் பணி. 2018-இல் செக் நாட்டு ஆய்வாளர் குழு ஒன்று நானோதுகளுக்கும் எதிர்ப்பு உருவாவதைக் காட்டியது. மீண்டும் மீண்டும் நானோ வெள்ளிக்கு உட்படுத்தப்பட்ட ஈ.கோலை, கசையிழைப் புரதமான ஃபிளாஜெல்லினைச் சுரந்து துகள்களைத் திரளச்செய்து செயலிழக்க வைத்தது. எனவே, வெள்ளிக்கு எதிர்ப்புத்திறன் உருவாகாது என்று ஆய்வேடுகளில் காணப்படும் கூற்று சான்றுக்கு முரணானது.

மருத்துவப் பயன் குறித்தும் மறுமதிப்பீடு தேவைப்பட்டது. 2010-ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு, புண்தொற்றைத் தடுக்க வெள்ளிக் கட்டுகளும் களிம்புகளும் பயன்படும் என நிறுவப் போதிய சான்று இல்லை என்றது. 2006-இல் ஆஸ்திரிய மருத்துவர்கள், நானோ வெள்ளி பூசிய கட்டுத்துணி இடப்பட்ட இளம் தீக்காய நோயாளி ஒருவருக்குக் கல்லீரல் நொதிகள் உயர்ந்ததையும் முகம் சாம்பல் நிறமானதையும் பதிவு செய்தனர். கட்டு நீக்கப்பட்டபின் அவை தணிந்தன. விரிந்த புண் உடலின் திறந்த வாயில்; அதன் வழியே வெள்ளி குருதியை எட்டும் என்பதற்கு இதுவே சான்று.

செயல்படும் முறை: துகளா, அயனியா?

நானோதுகளின் பாக்டீரியா எதிர்ப்பிற்கு மூன்று விளக்கங்கள் பொதுவாகக் கூறப்படுகின்றன: துகள் செல் சவ்வில் ஒட்டிச் சேதம் விளைத்தல், வெளியிடப்படும் வெள்ளி அயனி புரதங்களின் தயால் தொகுதியோடு பிணைந்து சுவாச நொதிகளைச் செயலிழக்கச் செய்தல், வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் இனங்கள் உருவாதல். துகளின் விட்டம் குறையக் குறைய, ஒரே எடைக்குரிய மேற்பரப்பு மிகுகிறது. 1 மைக்ரோமீட்டர்த் துகளைக் காட்டிலும் 10 நானோமீட்டர்த் துகளுக்கு அது 100 மடங்கு. மேற்பரப்பு மிகுதலால் அயனி வெளியீடும் மிகுகிறது.

2012-இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகக் குழு இவ்விளக்கங்களை ஒரு தெளிவான சோதனையால் பிரித்தறிந்தது. ஆக்சிஜன் இல்லாத சூழலில் துகளின் மேற்பரப்பு ஆக்ஸிஜனேற்றம் அடையாது, அயனியும் வெளிப்படாது. அந்நிலையில் மிக உயர்ந்த செறிவிலும் துகள்கள் ஈ.கோலையைக் கொல்லவில்லை. ஆகவே, நானோதுகளைத் தனிப்பட்ட நஞ்சாகக் கருதுவதைவிட அயனியை மெல்ல வெளியிடும் சேமக்கலமாகக் கருதுவதே பொருத்தம் என்பது பெறப்பட்டது.

வெள்ளி அயனி பாக்டீரியாவின் புரதத்திற்கும் மனிதச் செல்லின் புரதத்திற்கும் இடையே வேறுபாடு காண்பதில்லை. ஜெர்மனியின் போகும் நகரில் கிரோய்லிக், எப்ளே, கோல்லெர் முதலியோர் பாக்டீரியாவையும் மனிதச் செல்லையும் ஒருங்கே ஆய்ந்து, இரண்டிற்கும் நச்சாகும் செறிவு ஏறத்தாழ ஒரே வரம்பில் அமைவதாக 2012-இல் அறிவித்தனர். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆஷாராணி, சுரேஷ் வலியவீட்டில் ஆகியோர் இடம்பெற்ற குழு, வரிக்குதிரை மீன் கருக்களில் உருக்குறைபாடுகளை 2008-இலும், மனிதச் செல்களில் மரபுப்பொருள் சேதத்தை 2009-இலும் பதிவு செய்தது. பாக்டீரியாவைக் கொல்லும் அளவிற்கும் மனிதச் செல்லைக் கெடுக்கும் அளவிற்கும் இடையிலுள்ள இடைவெளி குறுகியது என்பதே இவற்றின் ஒருமித்த பொருள்.

தமிழ்நாட்டு ஆய்வகங்களின் பங்கு

இவ்வரலாற்றில் தமிழ்நாட்டிற்குத் தனியிடம் உண்டு. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தலப்பில் பிரதீப்பும் அவர்தம் மாணவர் ஸ்ரீகுமாரன் நாயரும் வெள்ளி, தங்க நானோதுகள்கள் கரிமக் குளோரின் சேர்மங்களைச் சிதைப்பதை 2003-இல் வெளியிட்டனர். அப்பணியின் தொடர்ச்சியாகப் பூச்சிக்கொல்லி எச்சத்தை நீக்கும் குடிநீர் வடிகட்டி 2007-இல் சந்தைக்கு வந்தது. 2009-இல் உமிச்சாம்பலில் வெள்ளி நானோதுகளைப் பதித்த மலிவு விலை வடிகட்டி ஒன்றை டாட்டா குழுமம் வெளியிட்டது.

2013-இல் பிரதீப் குழு வெளியிட்ட ஆய்வு இக்கட்டுரைக்கு மிக முதன்மையானது. வெள்ளி நானோதுகள்களை அலுமினிய ஆக்சிஹைட்ராக்சைடு, கைட்டோசான் ஆகியவற்றாலான கூண்டினுள் பொதித்து, அயனி வெளியீட்டை 100 கோடியில் ஏறத்தாழ 40 பங்கு என்னும் நிலையான அளவில் வைப்பதே அதன் சாதனை. ஒரு லிட்டருக்கு 0.04 மில்லிகிராம் என்னும் இவ்வளவை மேற்காட்டிய கணக்கில் இட்டால் 70 ஆண்டுகளில் 2 கிராம் மட்டுமே சேரும். நுண்ணுயிரி அழியவும் மனிதர் நலம் கெடாமலும் அமைந்த அளவு இது. எவ்வளவு வெள்ளி வெளியேற வேண்டும் என்ற வினாவிற்கு விடையாகவே இக்கருவியின் வடிவமைப்பு அமைந்துள்ளது.

மற்றொரு போக்கு தாவரச் சாற்றினால் துகள் தயாரிக்கும் போக்கு. 2004-இல் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முரளி சாஸ்திரி குழு வேப்பிலைச் சாற்றால் வெள்ளி அயனியை ஒடுக்கித் துகள் பெற்றது. சென்னைப் பல்கலைக்கழகக் கிண்டி வளாகத்தின் தாவரவியல் ஆய்வாளர்கள் 2010-இல் குப்பைமேனி இலைச்சாற்றிலிருந்து 20 முதல் 30 நானோமீட்டர்த் துகள்களைத் தயாரித்தனர். நீர்வழி நோய்க்கிருமிகளான ஈ.கோலை, விப்ரியோ காலரே ஆகியவற்றின் வளர்ச்சியை அவை ஒரு மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்ற செறிவில் தடுத்ததாகக் காட்டினர். கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் பல்கலைக்கழகத்தில் குருநாதன் குழுவினர் பாக்டீரியாவின் துணையால் பெற்ற துகள்கள், புதிய குருதிக்குழாய் உருவாவதைத் தடுப்பதை 2009-இல் விளக்கினர். புற்றுநோய் ஆய்விற்கு இது நம்பிக்கை தருவது. ஆயினும் புண் ஆறுவதற்குப் புதிய குருதிக்குழாய் இன்றியமையாதது. ஒரே பண்பு ஓரிடத்தில் மருந்தாகவும் மற்றோரிடத்தில் தடையாகவும் அமையக்கூடும் என்பது இதிலிருந்து பெறப்படும்.

குப்பைமேனி ஆய்வின் செறிவை லிட்டர்க் கணக்கில் கூறினால் 10 மில்லிகிராம்; அதாவது குடிநீர் வரம்பைப்போல் 100 மடங்கு. ஊட்டச்சத்து நிறைந்த வளர்ப்பு ஊடகத்தில் வெள்ளியின் பெரும்பகுதி புரதத்தோடும் குளோரைடோடும் பிணைந்துவிடும். தெளிந்த நீரில் இதனினும் மிகக் குறைந்த அளவே போதும். ஆகவே இவ்விரு எண்களையும் நேராக ஒப்பிடுவது முறையன்று. அதே காரணத்தால், ஊடகத்தில் பெற்ற எண்ணைக் கொண்டு ‘குடிநீர்ச் சுத்திகரிப்புக்கு ஏற்றது’ என முடிவு கூறுவதும் முறையன்று.

‘பசுமை’ என்னும் சொல்லின் எல்லை

பசுமைத் தொகுப்பு என்பது தயாரிப்பு முறையைக் குறிக்கும் சொல். தீங்கான ஒடுக்கிகளைத் தவிர்த்தல் என்ற அளவில் அது பொருளுடையது. ஆனால், விளைபொருளின் பாதுகாப்பைப் பற்றி அச்சொல் எதையும் உறுதி செய்வதில்லை. துளசியால் ஒடுக்கப்பட்டாலும் சோடியம் போரோஹைட்ரைடால் ஒடுக்கப்பட்டாலும் வெளிவரும் வெள்ளி அயனி ஒன்றே. மூலிகையின் நற்பெயர் உலோகத்திற்கு மாற்றப்படும்போது நச்சு ஆய்வு தேவையற்றதாகத் தோன்றுகிறது. மயக்கம் இங்கேதான் பிறக்கிறது.

ஆய்வுமுறையிலும் சில குறைகள் நீடிக்கின்றன. அகார் தட்டில் தோன்றும் தடுப்பு வளையத்தின் விட்டமே பல கட்டுரைகளில் ஒரே சான்றாக உள்ளது. துகளின் அளவு, ஊடகத்தின் குளோரைடு, பரவும் வேகம் ஆகியவற்றால் வளையம் மாறும். எனவே அது திறனின் நேரடி அளவையன்று. வினைபுரியாது எஞ்சிய வெள்ளி நைட்ரேட்டை நீக்காமல் சோதித்தால், துகளுக்கு உரியதாகக் கூறப்படும் திறன் உண்மையில் உப்பிற்கு உரியதாக இருக்கலாம். தாவரச் சாறு மட்டும், வெள்ளி நைட்ரேட் மட்டும், துகள் நீக்கிய வடிநீர் மட்டும் ஆகிய மூன்று ஒப்பீடுகள் உடன் அமைந்தாலன்றி முடிவு உறுதிப்படாது. இந்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2019-இல் நானோ மருந்துகளின் மதிப்பீட்டிற்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டுள்ளது. மருந்தாக்கம் கருதும் எவ்வாய்வும் அந்நெறிகளைத் தொடக்கத்திலேயே கருத்தில் கொள்வது நலம்.

முடிவுரை

1880 முதல் இன்றுவரை வெள்ளி மருத்துவத்திற்குள் பலமுறை வந்துள்ளது: உப்பாக, கூழ்மமாக, களிம்பாக, நானோதுகளாக. வடிவம் மாறியும் செயல்படு பொருள் மாறவில்லை. அது வெள்ளி அயனியே. பாக்டீரியாவை அழிப்பதும் மனிதச் செல்லை வருத்துவதும் அதன் ஒரே பண்பின் இரு முகங்கள். செறிவைக் குறைத்த கண்துளி மருத்துவமும், அயனி வெளியீட்டை நிலைப்படுத்திய சென்னை ஆய்வும் பயனளித்தமைக்குக் காரணம் அவை அளவை முதன்மையாகக் கொண்டமையே. அளவைப் பின்தள்ளிய கூழ்ம வெள்ளி மருந்துகள் நீலத்தோலை விட்டுச் சென்றன.

மாவட்ட மருத்துவக் கல்லூரிகளின் நுண்ணுயிரியல் துறைகள் மருந்து எதிர்ப்பை நாள்தோறும் சோதிக்கின்றன. வெள்ளி அச்சோதனைப் பட்டியலில் வழக்கமாக இடம்பெறுவதில்லை. தீக்காயப் புண்களிலிருந்து பெறும் நுண்ணுயிரிகளில் வெள்ளி எதிர்ப்பு மரபணுக்களைத் தேடுதல், களிம்பு இடப்பட்ட நோயாளிகளின் குருதியில் வெள்ளியின் அளவைப் பதிதல், அண்மைக் கல்லூரிகளில் தாவரச் சாற்றால் துகள் தயாரிப்போருடன் இணைந்து செல் நச்சு ஆய்வை மேற்கொள்ளுதல் ஆகியன முண்டியம்பாக்கம் போன்ற இடங்களிலிருந்தே தொடங்கத்தக்க பணிகள். எத்தனை மில்லிமீட்டர் வளையம் என்ற வினாவோடு, எத்தனை மில்லிகிராம் வெள்ளி, எவ்வளவு காலம், யாருடைய உடலில் என்ற வினாக்களையும் ஒவ்வோர் ஆய்வேடும் எழுப்புமாயின், இவ்வரலாறு அடுத்த முறை அதே பிழையைச் சுமந்து திரும்பாது.